முகம் வராது

"என்ன கலர்ப்பா போடப் போறீங்க?" என்று கேட்கிறாள். கிளிக்குப் பச்சையைத் தவிர வேறு என்ன போடுவார்கள். அவளுக்கும் அது தெரியும். நான் ஏதாவது பேசினால் வீடியோவுக்கு நன்றாக இருக்கும், அதற்காகக் கேட்கிறாள். சாப்பாட்டு மேசையிலிருந்த ஊறுகாய் ஜாடியையும் பேரப்பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, ஓரத்தில் அந்த வட்ட விளக்கை நிறுத்தியிருக்கிறாள். மூன்று கால் தாங்கியில் அவளுடைய போன் கழுத்தைக் கவிழ்த்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னால் பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகம். ஏதோ கம்பெனி அனுப்பியிருக்கிறது, கூடவே ஒரு டப்பா கலர் பென்சில். மனசுக்கு அமைதி தரும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. கொய்யா மரம், கிளையில் இரண்டு கிளிகள், ஒன்று பழத்தைக் கொத்துகிறது, மற்றது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. "நீங்க பாட்டுக்குப் போடுங்கப்பா. முகம் வராது, கை மட்டுந்தான்" என்கிறாள் என் மகள் ஜெசிந்தா. முகம் வராது. அன்றைக்கும் இதையேதான் சொன்னாள். இதே குரல், இதே அவசரமில்லாத அன்பு. பச்சையிலேயே நான்கைந்து பென்சில் இருக்கின்றன. எது கிளிப்பச்சை என்று தெரியாமல் என் கை டப்பாவுக்கு மேலே நிற்கிறது. நடுங்குகிறதா என்று பார்க்கிறேன். நடுங்கவில்லை. நடுங்கினால் வீடியோவில் அதுவும் வந்துவிடும்.

இந்த வீட்டுக்கு வருகிற சாமான்களையெல்லாம் சோதித்துப் பார்ப்பவன் நான்தான். மாப்பிள்ளை பிரிட்டோ மஸ்கட்டில் இருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஜெசிந்தா விளையாட்டாக ஆரம்பித்தது. ஒரு சாமானை வாங்கி, வீட்டில் வைத்துப் புழங்கிப் பார்த்து, நல்லது கெட்டதைப் பேசி வீடியோ போடுவாள். 'ஜெசி வீட்ல' என்று பேர் வைத்தாள். பிறகு கம்பெனிக்காரர்களே பார்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். தரை துடைக்கிற கட்டை, கொசு அடிக்கிற பேட், ஒட்டாத தோசைக்கல், முழங்கால் எண்ணெய், பேப்பரை மடித்துப் பொம்மை செய்கிற புத்தகம், பூத்தையல் புத்தகம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்த காலமெல்லாம் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்து விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வது என் வேலை. ஓய்வு பெற்றபிறகு யாரும் எதையும் என்னிடம் காட்டி, இது சரியாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. என் மனைவி மதலேன் இருந்தவரை குழம்பைக் கரண்டியில் எடுத்துவந்து உப்புப் பார்க்கச் சொல்வாள். அவள் போனதோடு அதுவும் போனது. அப்புறம் ஜெசிந்தா கேட்க ஆரம்பித்தாள். "எங்கப்பா நல்லாருக்குன்னு சொன்னாத்தான் நான் சொல்லுவேன்" என்று வீடியோவிலேயே சொல்வாள். தோசைக்கல்லில் நான் வார்த்த முதல் தோசை பிய்ந்து வந்ததை அவளும் நானும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஒன்றுமே இல்லை. குறை தோசைக்கல்லினுடையது, என்னுடையது இல்லை. எதைச் சோதிக்கிறார்கள் என்பது அப்போது அவ்வளவு தெளிவாக இருந்தது.

கிளியின் தலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோட்டைத் தாண்டக்கூடாது. "சூப்பர்ப்பா, அப்படியே மெதுவா" என்கிறாள். மெதுவாகத்தான் போகிறது. வேகமாகப் போனால் புத்தி திரும்பக் காலையில் நடக்கப் போன மைதானத்துக்கே போய்விடுகிறது. அங்கே நல்ல காற்று. புல்லெல்லாம் ஈரம். வைத்தியலிங்கம் எனக்கு முன்பே வந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பணிமனையில் என் பக்கத்து ஷெட்டில் இருந்தவன். ஓய்வு பெற்றபின்னும் காலையில் ஒன்றாக நடக்கிறோம், ஒன்றாகக் கடையில் டீ குடிக்கிறோம், ஒன்றாக எல்லாரையும் குறை சொல்கிறோம். இன்றைக்கு அவன் நடக்கக் கிளம்பவில்லை. ஷூ கயிற்றை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். "சவரி, உம் பொண்ணு போட்டதைப் பாத்தேன்யா" என்றான். தோசைக்கல்லா என்று கேட்டேன். "அது இல்லய்யா." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ராத்திரிக்குப் போட்டுக்கறது. பெரியவங்க டயப்பர்." பாக்கெட்டைக் காட்டியிருப்பாள், தண்ணீர் ஊற்றிக் காட்டியிருப்பாள், அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன். "மூஞ்சிய மறைச்சுத்தான் இருக்கு. ஆனா அந்த எடது காலு இழுக்கறது எனக்குத் தெரியாதா? கொரலு வேற." நான் எதிரே ஓடுகிற பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பேசிக்கொண்டே போனான். "நானும் வாங்கிட்டேன்யா. எவ்வளவு நாளா பாயை யாருக்கும் தெரியாம அலசிக்கிட்டுக் கெடந்தேன். மருமக மூஞ்சிய நிமிந்து பாக்க முடியல. நீ பேசுனதைக் கேட்டதும், அட நம்ம சவரிக்கே இருக்கா, நமக்கென்ன வெக்கம்னு..." அவன் சிரிக்க முயன்றான். கண் கலங்கியிருந்தது. நான் சொன்னேன், "அது நான் இல்ல."

அது நான் இல்ல. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை. யோசித்துச் சொல்லவில்லை, தும்மல் மாதிரி வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "கம்பெனிக்காரன் வேற யாரையாச்சும் வச்சு எடுத்துக் குடுத்திருப்பான். ஜெசி போட்டிருக்கும். எனக்கு அந்தக் கோளாறெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றும் சொன்னேன். அந்தக் கோளாறெல்லாம் என்றேன், அவனிடம், அவன் சொல்லி முடித்த மறுகணமே. வைத்தி என்னைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்பி இருட்டுக்குள் இறங்கியவன் திரும்பிப் பார்க்கிற பார்வை அது. "சரிய்யா. நீ இல்ல" என்று எழுந்தான். எப்போதும் என் காலுக்காக மெதுவாக நடப்பவன், இன்றைக்கு நடந்த வேகத்தை நான் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை.

"அப்பா, கழுத்துக்கிட்ட வெள்ளையா விட்டுட்டீங்க." ஆமாம், விட்டுவிட்டேன். அங்கே சிவப்பு வரும்மா, கிளிக்குக் கழுத்தில் சிவப்பு வளையம் இருக்கும் என்கிறேன். "இது நல்லாருக்கே, இதை வச்சுக்கறேன்" என்கிறாள். வைத்துக்கொள்வாள். நான் சொல்கிற எதை அவள் வைத்துக்கொள்வாள், எதை விடுவாள் என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் இனிமேல் யோசிக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் அறைக் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துவைத்து அந்த வீடியோவைத் தேடிப் போட்டேன். முதலில் ஜெசிந்தா வந்து பேசினாள், சிரித்த முகமாக. பாக்கெட்டைப் பிரித்தாள், அளவு சொன்னாள், தண்ணீர் ஊற்றினாள். அதுவரை சரி. பிறகு என் அறை வந்தது. என் கட்டில், என் ஜன்னல், முதுகைக் காட்டிக்கொண்டு நான். தலை இருக்கிற இடத்தில் ஒரு மங்கல். நான் கதவுவரைக்கும் நடந்து திரும்பினேன். வேட்டிக்கு மேலே தெரிகிறதா என்று பார்க்கணும்ப்பா, நடங்க என்றாள் அன்றைக்கு, எனக்காகப் பார்க்கிறாள் என்று நடந்தேன். போன் அலமாரியில் இருந்தது. பாக்கெட்டை மட்டும் எடுக்கிறேன், முகம் வராது என்றாள். சொன்ன சொல் தவறவில்லை, முகம் வரவில்லை. என் கால் வந்தது, என் குரல் வந்தது. "ஜெசி, யாருக்கும் தெரிய வேணாம்மா. மாப்பிள்ளைக்கும் சொல்லாத. உங்கம்மா இருந்திருந்தா அவகிட்டகூட இதைச் சொல்லியிருக்க மாட்டேன்." பின்னால் மெல்லிசாக ஒரு பியானோ. நான் சொன்னது கொட்டை எழுத்தில் கீழே ஓடியது, காது கேட்காதவர்களும் படித்துக்கொள்ளும்படி. அந்த நேரத்தில் சுவரில் மதலேனின் படம், மாலையோடு, பளிச்சென்று. அவள் முகத்தை மறைக்க ஜெசிந்தா மறந்துவிட்டாள். அவளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன் என்று நான் சொல்லச் சொல்ல அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சில் முனை உடைகிறது. "பரவால்லப்பா, நான் சீவித் தரேன்." சீவுகிறாள். தலையைக் குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு சீவுகிறாள், சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதும்போது அப்படித்தான் கடித்துக்கொள்வாள். இவளைக் கெட்டவள் என்று நினைக்க முடிந்தால் எவ்வளவு சுலபம். அவளிடம் சொன்ன அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போனது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆகவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து போர்வையையும் வேட்டியையும் அலசுவேன், யாராவது கேட்டால் வியர்வை என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து அவள் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகு என் பக்கம் இருந்தது. முதுகு என்பதால்தான் என்னால் சொல்ல முடிந்தது. வாசலில் நின்றுகொண்டே சொன்னேன், பாதி வார்த்தை தண்ணீர்ச் சத்தத்தில் போயிருக்கும். அவள் திரும்பவில்லை. குழாயை மூடினாள், மறுபடி திறந்தாள். "சரிப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள், அவ்வளவுதான். திரும்பியிருந்தால் நான் செத்திருப்பேன். அவள் திரும்பாமல் இருந்ததை நினைத்து எத்தனை முறை நன்றி சொல்லியிருப்பேன். பெற்ற பிள்ளை இப்படி இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஜெபமாலையில் சொல்லியிருக்கிறேன். அந்த முதுகும் இந்தப் போனும் எப்படி ஒரே பெண்ணிடம் இருக்கின்றன என்பதுதான் காலையிலிருந்து பிடிபடாமல் சுற்றுகிறது. என்னைப் பார்க்காமல் முதுகைக் காட்டியவள், என் முதுகை எடுத்து ஊருக்குக் காட்டியிருக்கிறாள். இல்லை, இப்படி அழகாகச் சொல்லிப் பார்த்து என்ன ஆகப்போகிறது. போட்டுவிட்டாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

சீவிய பென்சிலை நீட்டுகிறாள். நான் வாங்கவில்லை. "அப்பா, புத்தகம் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிச்சுக்கலாம்" என்கிறாள்.

"ஜெசி."

"சொல்லுங்கப்பா."

"உங்கம்மாகிட்டகூடச் சொல்லியிருக்க மாட்டேன்னு உங்கிட்டச் சொன்னேனே. அதை எதுக்கும்மா போட்ட?"

அவள் கை முதலில் போனுக்குப் போய் அதை நிறுத்தியது. பிறகு பென்சிலை டப்பாவில் வைத்தாள். எதை என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "யாருப்பா சொன்னா?" என்று கேட்டாள்.

"வைத்தி."

"வைத்தி மாமாவா? முகத்தை மறைச்சுட்டேனேப்பா. எப்படித் தெரியும்?"

"என் நடை தெரியாதா அவனுக்கு?"

அவள் உட்கார்ந்தாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அவள் கண்ணுக்குள் இரண்டு வெள்ளை வட்டம். "தெரிஞ்சவங்க யாரும் பாப்பாங்கன்னு நினைக்கலப்பா. பாக்கெட்டை மட்டும் காட்டினா யாரும் வாங்கறதில்ல, வெக்கப்படறாங்க. நீங்க பேசினதைத் திரும்பக் கேட்டப்ப எனக்கே அழுகை வந்துருச்சு. எத்தனை வீட்ல இப்படி ஒரு அப்பா உள்ளுக்குள்ள குமைஞ்சுக்கிட்டு இருப்பாருன்னு..." போனை எடுத்தாள், வேகமாகத் தள்ளித் தள்ளித் தேடினாள். "பாருங்க, ஒரு பொண்ணு எழுதியிருக்கா. அவங்கப்பா கல்யாணம் காட்சின்னு எதுக்கும் போறதே இல்லையாம். உங்களப் பாத்துட்டுத்தான் வாங்கிக் குடுத்தாளாம், இப்ப தம்பி கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினாராம். இன்னொருத்தர், எங்கப்பா குரல் மாதிரியே இருக்குன்னு..." குரல் உடைந்தது. "உங்களை அசிங்கப்படுத்தவாப்பா நான் செஞ்சேன்?"

இல்லை. அதுதான் கஷ்டம். அசிங்கப்படுத்தச் செய்திருந்தால் கத்தியிருப்பேன், பெட்டியைக் கட்டியிருப்பேன். என்னை நினைத்து அழுதிருக்கிறாள். அழுத கையோடு அதற்குப் பியானோ தேடியிருக்கிறாள். இரண்டும் நிஜம். யாரோ ஒரு மனிதர் பந்தியில் பரிமாறுகிறார், சாம்பார் வாளியோடு, பயமில்லாமல் குனிந்து நிமிர்ந்து. நல்ல விஷயம்தான். அவருக்கு என் சொல் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. வாயில் இவ்வளவும் வரவில்லை. "நான் உங்கிட்டச் சொன்னேம்மா" என்றேன். மறுபடியும் அதையே சொன்னேன், "உங்கிட்ட."

அவள் தலை குனிந்திருந்தாள். நான் கேட்டேன், "என் பேச்சை மட்டும் எடுத்துட முடியுமா?"

"அதை மட்டும் எடுத்தா அது எதுக்குன்னே புரியாதுப்பா. எடுத்தா மொத்தமா எடுத்துடணும்." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவேண்டுமாம். இந்த ஒரு தடவை என்னைக் கேட்கிறாள். இருக்கட்டும்மா, நாலு பேருக்கு நல்லது நடந்தால் சரி என்று நான் சொல்வேன் என்று காத்திருக்கிறாள். வாழ்க்கை முழுக்க இருக்கட்டும் என்று சொன்னவன்தான் நான். பிரமோஷன் வேறொருவனுக்குப் போனபோது இருக்கட்டும், காலில் இரும்பு விழுந்தபோது இருக்கட்டும். எடுத்துவிட்டால், வைத்தி அந்த வீடியோவைத் திரும்பப் பார்க்க நினைத்தால் அது இருக்காது. பரிமாறுகிறவரின் மகள் வேறு யாருக்காவது காட்ட நினைத்தால் இருக்காது. எடுக்காவிட்டால் மதலேன் அங்கே நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள், யார் யாரோ தட்டத் தட்டத் திரும்பத் திரும்ப. "எடுத்துடு" என்றேன்.

அவள் கட்டைவிரலால் எதையோ அழுத்தினாள், இன்னொரு தடவை அழுத்தினாள். "போயிருச்சுப்பா." போனைத் திருப்பிக் காட்டினாள். அந்த இடத்தில் முழங்கால் எண்ணெய் வீடியோ நின்றது. எனக்கு நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கேட்டவர்கள் காதிலிருந்து யார் எடுப்பது. வைத்தியிடம் நாளைக்குச் சொல்லவேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து அவனைப்போல ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டவேண்டியதுதான். அவன் வராவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டும். அவன் என்னை நம்பிச் சொன்னான், நான் அவனைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன். இவள் எனக்குச் செய்ததைவிட அது சின்னதா பெரியதா என்று யார் தட்டிப் பார்த்துச் சொல்வது.

"சாரிப்பா. நான் கேட்டிருக்கணும்" என்று எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுக்கவேண்டும் என்று நினைக்கவில்லை, கை தானாகப் போனது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, தாங்கியை மடக்கினாள். வந்த அழுகையை அடக்கினேன், உடம்பு ஒருமுறை குலுங்கியது. அப்போதுதான் அந்தச் சூடு. பகலில் நான் எதுவும் போட்டுக்கொள்வதில்லை. இருமினால், கனத்தைத் தூக்கினால், அழுகையை அடக்கினால் வந்துவிடும். வேட்டியைத் தாண்டி நாற்காலி மெத்தைக்குள் அது மெல்ல இறங்குவது தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் "ஜெசி, கொஞ்சம்" என்றால் போதும். மேலே ஒன்றும் சொல்லவேண்டாம். அவள் மாற்று வேட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே போய்விடுவாள்.

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கவேண்டும். ஸ்கூட்டர் சாவியை எடுத்தவள் நின்றாள். சின்னவனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரம். "அப்பா, ஏதாச்சும் வேணுமா? சரியா இருக்கீங்களா?" என்றாள். எப்போதும் கேட்கிற மாதிரி, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"நல்லாத்தாம்மா இருக்கேன்."

"எந்திரிக்கலையா?"

"இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு எந்திரிக்கிறேன். நல்லாத்தான் இருக்கு, பொழுது போகுது."

அவள் முகம் தெளிந்தது. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். கேட் திறக்கிற சத்தம், ஸ்கூட்டர் உறுமி, தெருமுனையில் ஹாரன் அடித்து, தேய்ந்து மறைகிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன். வேட்டியை மாற்றியாயிற்று. மெத்தை உறையை உருவிக் குழாயடியில் அலசிப் பிழிந்தும் ஆயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், தண்ணீர் காலில் சொட்டுகிறது. மொட்டை மாடிக் கொடியில் போட்டால் துணி எடுக்க வரும்போது பார்ப்பாள். கொல்லைப்பக்கம் போட்டால் பாத்திரம் கழுவும்போது பார்ப்பாள். இந்த வீட்டில் அவள் கண் படாத இடம் எது என்று, மறுபடியும், ஒவ்வொரு இடமாக யோசித்துப் பார்க்கிறேன்.